சாரதி பதில்கள்: வளைவே இல்லாத ரோடு

மகளையும் மருமகனையும் பார்க்கக் கனடா போன இடத்தில், 2023 ஜூன் மாதம் அந்த நாட்டின் வடமேற்கு மூலையில் இருக்கும் யூகொன் பக்கம் பத்து நாள் கார் ஓட்டிய கதையைப் போன இதழில் ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்திருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதமா! சரி, இந்த முறை கிளட்ச், பிரேக் கேள்விகள் எல்லாம் காத்திருக்கட்டும்.

*அண்ணே, இறம்பொடை வளைவிலேயே முப்பது வருஷம் வான் ஓட்டினவர் நீங்கள். அந்த ஊர் ரோடெல்லாம் உங்களுக்குத் தண்ணி பட்ட பாடாக இருந்திருக்குமே?*
– ஒரு வாசகர், தலவாக்கலை

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன், தம்பி. இரண்டாம் நாளே அந்தத் திமிர் இறங்கிவிட்டது.

நம்ம ரோடு நம்மைத் தூங்க விடாது. வளைவுக்கு ஒரு பஸ், பஸ்ஸுக்குப் பின்னால் மூன்று ஆட்டோ, நடுவில் கொழுந்து லொறி. கை, கால், காது எல்லாம் வேலையில் இருக்கும். யூகொன் தலைநகர் வைட்ஹோர்ஸிலிருந்து பழைய தங்க வேட்டை ஊரான டோசன் சிட்டிக்குப் போகும் கிளொண்டைக் நெடுஞ்சாலை ஏறத்தாழ 530 கிலோமீற்றர். பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனை வரை கோடு போட்டாலும் அவ்வளவு நீளம் வராது. இரண்டு பக்கமும் ஊசியிலைக் காடு, நடுவில் ரோடு. இருபது நிமிஷத்துக்கு ஒரு வண்டி எதிரே வந்தால் அன்றைக்கு நெரிசல். கார்மக்ஸ் என்ற ஊரைத் தாண்டி ஒரு நேர்ச்சாலையில் எனக்குக் கண் சொக்கிவிட்டது. மருமகன் தோளில் தட்டி, "மாமா, நிப்பாட்டுங்க" என்றார். வலது பக்கம் ஓட்டுவது ஒரு மணி நேரத்தில் பழகிவிட்டது. சும்மா உட்கார்ந்து ஓட்டுவதுதான் கடைசி வரை பழகவில்லை.

அசந்த நேரம் பார்த்துத்தான் மூஸ் வரும். மான் இனம் என்பார்கள், ஆனால் எருமையைவிட உயரம், கால் மட்டுமே என் நெஞ்சளவு. மோதினால் கார் அதன் காலை வாரிவிடும், உடம்பு முன்கண்ணாடி வழியாக நம் மடியில் வந்து விழும். மாலையிலும் விடிகாலையிலும் வேகத்தைக் குறைத்தே ஓட்டினோம். பகலிலும் ஹெட்லைட் எரிய வேண்டும் என்பது அங்கே சட்டம்.

பெற்றோல் செட்டும் நம்ம ஊர் மாதிரி சந்திக்குச் சந்தி கிடையாது. பாதி டாங்கி இறங்கினால் அடுத்து வரும் செட்டில் நிரப்பிவிடு, விலை பார்க்காதே. டோசனுக்குக் கொஞ்சம் முன்னால் வடக்கே பிரிந்து இனுவிக் என்ற ஊர் வரை போகும் டெம்ஸ்டர் ரோட்டில், முதல் பெற்றோல் 369 கிலோமீற்றர் தாண்டி ஈகிள் பிளெயின்ஸில்தான். அந்த ரோடு எழுநூறு கிலோமீற்றருக்கு மேல், கிட்டத்தட்ட முழுக்கச் சரளை. அடியில் இருப்பது நிரந்தரமாக உறைந்த மண். அது உருகிக் குழையாமல் இருக்கத்தான் மேலே அவ்வளவு தடிப்பாகச் சரளை கொட்டியிருக்கிறார்கள். நாங்கள் டூம்ஸ்டோன் மலை தெரியும் இடம் வரை போய்த் திரும்பிவிட்டோம். ஒரே ஒரு ஸ்பெயார் டயரை வைத்துக்கொண்டு அதற்கு மேல் போவது வீரம் இல்லை.

*அக்கா மகன் கனடாவில் டோசன் கிரீக் வரை போய்ப் படம் அனுப்பினான். தங்கம் எடுத்த ஊர் அதுதானா?*
– ஒரு வாசகி, அப்புத்தளை

இல்லை அம்மா. டோசன் கிரீக் என்பது 1942இல் அமெரிக்க இராணுவம் போட்ட அலாஸ்கா நெடுஞ்சாலை தொடங்கும் இடம். தங்க ஊர் டோசன் சிட்டி. அங்கிருந்து இன்னும் 1,900 கிலோமீற்றருக்கு மேல் வடக்கே ஓட்ட வேண்டும். தம்பியைக் கோபிக்க வேண்டாம், நிறையப் பேர் குழம்பும் பெயர்தான்.

*எங்கள் ஆற்றிலே மாணிக்கக் கல் அரிக்கிறவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அங்கே இன்னும் தங்கம் இருக்கிறதா? நீங்கள் எடுத்தீர்களா?*
– ஒரு வாசகர், பொகவந்தலாவை

இருக்கிறது. இன்றைக்கும் குடும்பமாக யந்திரம் வைத்துத் தோண்டுகிறவர்கள் உண்டு. 1896 ஆகஸ்ட் 16ஆம் திகதி, முயல் ஓடை என்ற சின்ன ஓடையில்தான் கதை தொடங்கியது. பழங்குடி மக்களான ஸ்கூக்கும் ஜிம், டோசன் சார்லி, அவர்களோடு ஜோர்ஜ் கார்மக் என்ற வெள்ளைக்காரர். ஓடைக்குப் பிறகு பொனான்சா என்று பெயர் மாறிவிட்டது. அடுத்த வருஷம் ஜூலையில் தங்கத்தோடு இரண்டு கப்பல் அமெரிக்கக் கரைக்கு வந்ததும், ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் மூட்டை கட்டினார்கள். போய்ச் சேர்ந்தவர்கள் முப்பது, நாற்பதாயிரம். அவர்கள் 1898இல் போய் இறங்கும்போது நல்ல ஓடை எல்லாவற்றிலும் வேறு யாரோ 'இது என் இடம்' என்று கட்டை அடித்துவிட்டிருந்தார்கள்.

வழியில் சில்கூட் கணவாய். ஒரு வருஷத்துக்கான சாப்பாடு, சாமான் இல்லாதவனைக் கனடாப் பொலிஸ் எல்லைக்குள் விடாது. எல்லாம் சேர்த்தால் ஒரு தொன் எடை. அதை முதுகில் தூக்கி, பனியில் வெட்டிய படியில் முப்பது, நாற்பது தடவை ஏறி இறங்கினார்கள். எறும்பு வரிசை மாதிரி ஆட்கள் ஏறும் அந்தப் படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். தோட்ட வேலைக்காக மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளை நான். எங்கள் ஆட்களை அப்படி ஒருவரும் படம் பிடித்து வைக்கவில்லை.

கிளொண்டைக் ஆற்று முகத்தில் மீன் பிடித்து வாழ்ந்த ட்ரொண்டெக் ஹ்வெச்சின் மக்களோ, கூட்டம் வந்ததும் ஆற்றின் கீழே மூஸ்ஹைட் என்ற இடத்துக்குப் போக வேண்டியதாயிற்று. அந்த நிலங்களை 2023இல்தான் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

பொனான்சா ஓடையில் யாரும் காசில்லாமல் அரித்துப் பார்க்க ஒரு துண்டு நிலம் விட்டிருக்கிறார்கள். உங்கள் ஊரில் கூடையில் அரிப்பார்கள், அங்கே தகரத் தட்டு. தண்ணீரில் சுழற்றச் சுழற்ற லேசான மண் போய்விடும், பாரமான கறுப்பு மணல் அடியில் நிற்கும், அதற்குள்ளே தேட வேண்டும். ஒன்றரை மணி நேரம் குந்தியிருந்தேன். தண்ணீர் குளிரில் விரல் விறைத்து, தட்டைப் பிடித்திருக்கிறேனா என்றே தெரியவில்லை. கடுகில் பாதி அளவு இரண்டு துணுக்கு கிடைத்தது. டேப்பில் ஒட்டிப் பர்ஸில் வைத்தேன். ஹட்டனுக்கு வந்து பிரித்தால் ஒன்றுதான் இருக்கிறது.

*வாடகைக் கார் எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?*
– ஒரு வான் சாரதி, ஹட்டன்

பத்திரத்தின் சின்ன எழுத்தை. சரளை ரோட்டில் ஏற்றினால் காப்புறுதி செல்லாது என்று பல நிறுவனங்கள் எழுதி வைத்திருக்கின்றன. சரளைக்கு விடும் வண்டியைக் கேட்டு எடுக்க வேண்டும், வாடகை கூட. நாங்கள் அப்படித்தான் எடுத்தோம். ஆனாலும் தார் ரோட்டிலேயே எதிரே வந்த லொறி தெறித்த கல் கண்ணாடியில் மிளகளவு புள்ளி போட்டது. காலையில் பார்த்தால் ஒரு சாண் கீறல். அந்தப் பத்திரத்தில் கண்ணாடி சேர்த்தி இல்லையாம். காசு கட்டினோம். நீ எடுத்தால் கண்ணாடியைப் பற்றித் தனியாகக் கேள்.

*சோறு கிடைக்குமா ஐயா?*
– ஒரு வாசகி, பண்டாரவளை

கிடைக்காது. மகள் கொடுத்துவிட்ட ரைஸ் குக்கர்தான் காப்பாற்றியது. கூடவே ஒரு பொட்டலம் கருவாடும் வைத்திருந்தாள். முகாமில் கூடாரம் போட்டிருந்த ஒரு பெரியவர் அந்த வாடை பிடித்து ஓடி வந்து, "கரடி வரும், காருக்குள் வைத்துப் பூட்டுங்கள்" என்றார். பூட்டினோம். கரடி வரவில்லை. காரைத் திருப்பிக் கொடுக்கும் வரை அந்த வாடைதான் போகவில்லை.

*அங்கே இரவே வராதாமே, தாத்தா? எப்படித் தூங்கினீர்கள்?*
– ஒரு மாணவி, பூண்டுலோயா

ஜூன் கடைசியில் டோசனில் சூரியன் நடுச்சாமம் தாண்டித்தான் இறங்கும், மூன்று மணி நேரத்தில் திரும்ப வந்துவிடும். இடையிலும் இருட்டாது கண்ணு, நம்ம ஊரில் ஆறரை மணிக்கு இருக்கிற மாதிரி ஒரு வெளிச்சம். நாங்கள் தங்கிய அறை ஜன்னலில் அலுமினியத் தாள் ஒட்டியிருந்தார்கள். அதன் ஓரத்தைக் கொஞ்சம் பிரித்து வெளியே பார்த்தேன். மணி பன்னிரண்டரை. எதிர்வீட்டுக்காரர் ஏணி வைத்து, வேலிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்.