குப்பை மேட்டுப் புகையும் பையனின் ராத்திரி இருமலும்

கொடுங்கையூரிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

குப்பை மேட்டுப் புகையால் பையனுக்குப் புற்றுநோய் வந்துவிடுமோ என்று கேட்டு, இரண்டு பக்கக் கடிதத்தில் புற்றுநோய் என்று ஏழு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். பையன் ராத்திரியில் படுக்க முடியாமல் உட்கார்ந்தபடி மூச்சு வாங்குகிறான் என்பதை ஒரே ஓர் இடத்தில், அதுவும் முடிக்கும்போது போகிற போக்கில். என்னைக் கவலைப்பட வைத்தது அந்த ஒரு வரிதான்.

புற்றுநோய்ப் பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன். நீங்கள் பார்த்த வாட்ஸ்அப் வீடியோ சொல்லும் டையாக்சின் என்ற நச்சுப் பொருள் நிஜமானதுதான். பிளாஸ்டிக் கலந்த குப்பை அரைகுறையாக எரியும்போது உண்டாகிறது. வருடக்கணக்கில் உடம்பில் சேர்ந்தால் கெடுதல். ஆனால் அது மூன்றரை வயதுப் பிள்ளைக்கு ராத்திரி இருமலாக வராது. நீங்கள் கேட்டிருக்கும் 'கேன்சர் மார்க்கர்' பரிசோதனை பேக்கேஜில் ரத்தம் கொடுத்தாலும் அதில் தெரியாது. அந்தப் பணத்தைப் பத்திரமாக வையுங்கள், நச்சை வெளியேற்றும் என்று சொல்லி விற்கும் டீடாக்ஸ் பொடியை இன்றே நிறுத்துங்கள். டையாக்சின் மனித உடம்புக்குள் போவதில் 90 சதவீதத்துக்கும் மேல் சாப்பாட்டு வழியாகத்தான்: பால், முட்டை, இறைச்சி, மீன் இவற்றின் கொழுப்பில் தங்கி வருகிறது. பக்கத்துத் தெருவில் 'சுத்தமான கறந்த பால்' வாங்குவதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த மாடு எங்கே மேய்கிறது என்று போய்ப் பாருங்கள். குப்பை மேட்டில் என்றால் பாக்கெட் பாலுக்கு மாறிவிடுங்கள்.

உங்கள் முடி கொட்டுவதற்கும் குப்பை மேட்டுக்கும் முடிச்சுப் போட வேண்டாம். ஹீமோகுளோபின், தைராய்டு பார்த்தால் போதும். போர் தண்ணீர் மஞ்சளாக வருவது கவனிக்க வேண்டிய விஷயம். குப்பையிலிருந்து ஊறும் சாறு பல வருடமாக மண்ணுக்குள் இறங்கியிருக்கும் இடம் அது. காய்ச்சினால் கிருமி சாகும்; கரைந்திருக்கும் நைட்ரேட்டும் உலோகமும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடத்தான் செய்யும். குடிக்கவும் சமைக்கவும் மெட்ரோ தண்ணீர். போர் தண்ணீர் துவைக்க, வீடு கழுவ மட்டும்.

சரி, பையனுக்கு வருவோம். புகை வரும் நாட்களில் இருமல், நடுராத்திரிக்கு மேல் அதிகமாவது, விசில் மாதிரி சத்தம். இதை இழுப்பு என்கிறோம், நீங்கள் வீசிங் என்கிறீர்கள். மூச்சுக்குழல் சுருங்கி, உள்ளே வீங்கிச் சளி கட்டுகிறது. இதற்கு நீங்கள் கொடுப்பது மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கிய மூன்று சிரப். அதில் ஒன்று ஆன்டிபயாடிக். சுருங்கிய குழலை அது விரிக்காது. இன்னொன்று குளோர்பெனிரமின், ஃபெனைலெஃப்ரின் கலந்த சளி மருந்து. 4 வயதுக்குக் கீழே இந்தக் கலவையைக் கொடுக்கக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரிலேயே சொல்லியாகிவிட்டது. இழுப்புக்குத் தேவை ஸ்பேசரும் (இன்ஹேலரோடு இணைக்கும் பிளாஸ்டிக் குழல்) மாஸ்க்கும் வைத்துக் கொடுக்கும் இன்ஹேலர். 'இன்ஹேலர் பழகிவிட்டால் அப்புறம் விட முடியாது' என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அப்படி ஆகாது. மருந்து நேராக நுரையீரலுக்குப் போவதால் அளவும் கொஞ்சம்தான்.

இப்போது சொல்வதை மட்டும் வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். பையன் மூச்சு வாங்கும்போது சட்டையைத் தூக்கி, விளக்கைப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே குழி விழுகிறதா? கழுத்துக் குழி உள்ளே இழுக்கிறதா? மூக்கு விரிகிறதா? அழாமல் இருக்கும்போது ஒரு நிமிடம் முழுசாக எண்ணி 40 மூச்சு அல்லது அதற்கு மேல் வருகிறதா? இரண்டு வார்த்தை பேசுவதற்குள் திணறுகிறானா? இதில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது ஆட்டோ பிடித்து ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ போங்கள். உதடு நீலம் பாய்ந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதம் கூடாது.

நான் பயிற்சியில் இருந்தபோது அதிகாலையில் ஒரு குழந்தையைத் தூக்கி வந்தார்கள். "ராத்திரி பூரா இழுத்துச்சு டாக்டர், இப்ப சத்தம் நின்னுடுச்சு, தூங்குறா" என்றார் அப்பா. ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தேன், இரண்டு பக்கமும் எதுவும் கேட்கவில்லை. சத்தம் வருமளவுக்குக்கூடக் காற்று உள்ளே போகவில்லை. அது தூக்கம் இல்லை, மயக்கம். பிழைத்தாள், ஆனால் நான்கு நாள் ஐசியூ. விசில் நின்று குழந்தை சோர்ந்து கிடந்தால் நிம்மதி அடையாதீர்கள், ஓடுங்கள்.

புகையை நீங்கள் ஒருவர் நிறுத்த முடியாது. 300 ஏக்கருக்கும் மேல் பரந்த மேடு. மக்கும் குப்பை அடியில் அழுகி மீத்தேன் உண்டாவதால் மேலே தண்ணீர் அடித்தாலும் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். சென்னையின் இன்னொரு குப்பை மேடான பெருங்குடியில் 2022 ஏப்ரல் 27-ல் பிடித்த தீ அணைய நாட்கணக்கானது. தரம் பிரிக்காமல் ஒரே லாரியில் கொட்டும்வரை இது தீராது. உங்கள் தெருவே சேர்ந்து வார்டு கவுன்சிலரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது, கேளுங்கள். அதுவரை புகை நாளில் பையனை வெளியே விளையாட விடாதீர்கள்.

ஆனால் புகைக்குப் பயந்து ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு, கொசுவுக்குச் சுருள் கொளுத்தி வைக்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்களே அம்மா! ஒரு சுருள் முழுசாக எரிந்தால் வரும் நுண்துகள் 75 சிகரெட்டுக்குக் குறையாது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். பூட்டிய அறையில், பிள்ளையின் தலைமாட்டில். இன்று ராத்திரியே அதைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கொசுவலை கட்டுங்கள். சாம்பிராணியும் வேண்டாம்.

நாளைக் காலையில் குழந்தை மருத்துவரிடம் போங்கள். மூன்று சிரப் பாட்டிலையும் எடுத்துக்கொள்ளுங்கள், எது எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். இருமலுக்கு மட்டும் மருந்து எழுதி அனுப்பப் பார்த்தால், "ராத்திரி உட்கார்ந்துதான் மூச்சு விடுறான்" என்று முதல் வரியாகச் சொல்லுங்கள்.