டொப் லிங்குக்கு ஹைட்ரோலிக் போடலாமா?

உழவு இயந்திரம்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: என்னிடம் மாசி பெர்குசன் 240 இருக்கிறது. கொத்துக் கலப்பை, ரொட்டவேட்டர், மண் மட்டமாக்கும் பொக்ஸ் பிளேட் மூன்றையும் கூலிக்கு ஓடுகிறேன். டொப் லிங்கை (கருவியின் மேல்பக்கத்தை உழவு இயந்திரத்தோடு இணைக்கும், நீளம் மாற்றக்கூடிய தண்டு) திருக அடிக்கடி இறங்கி ஏற வேண்டியிருக்கிறது. டொப் லிங்குக்கும் வலப்பக்கத் தூக்குத் தண்டுக்கும் சிலிண்டர் போட்டு, இரண்டு லீவர் வால்வும் பூட்டித் தருவதாக ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். செய்யலாமா?
வாசகர், வெல்லாவெளி

பதில்: நீங்கள் சொன்ன மூன்று வேலையில் இரண்டுக்கு அது வேண்டாம். ஒன்றுக்கு மட்டும் உண்மையாகவே உதவும்.

கலப்பைக்கு டொப் லிங்க் நீளத்தையும், வலப்பக்கத் தூக்குத் தண்டை நீட்டிச் சுருக்கும் லெவலிங் பொக்ஸையும் வயலில் இறங்கியதும் ஒருமுறை சரிபார்த்தால் அன்று முழுக்கப் போதும். ரொட்டவேட்டருக்கோ இது கெடுதல். அதன் ஆழத்தை இரு பக்கத்துச் சறுக்குத் தகடுகள்தான் தீர்மானிக்கின்றன. ஓட்டத்தில் கை தவறி லீவரை இழுத்தால் ரொட்டவேட்டர் சரியும், அதைச் சுழற்றும் பிடிஓ தண்டின் மூட்டுகளும் சேர்ந்து வளையும். கோணம் 30 பாகையளவு போய்விட்டால் மூட்டு அதிக நேரம் தாங்காது.

பொக்ஸ் பிளேட்டின் கதை வேறு. உங்கள் லிப்ட் ஒயிலால் மேலே தூக்கும், கீழே இறங்குவது பாரத்தால் மட்டுமே; மண்ணுக்குள் அழுத்தும் பலம் அதற்கு இல்லை. எனவே வெட்டு இறங்குவது சாய்வில்தான் இருக்கிறது. டொப் லிங்கைச் சுருக்கினால் பெட்டியின் மூக்குத் தாழ்ந்து முன்வெட்டு மண்ணைக் கடிக்கும். நீட்டினால் மூக்கு நிமிர்ந்து பின்தகடு தேய்த்துக்கொண்டு போகும். பெரும்போக அறுவடை முடிந்து வயல் காய்ந்த பிறகு மேட்டை வெட்டிப் பள்ளத்தில் பரப்பும்போது ஒவ்வொரு ஓட்டத்திலும் இந்த இரண்டும் மாறி மாறித் தேவை. அங்கேதான் ஹைட்ரோலிக் டொப் லிங்க் தன் விலையைத் திருப்பித் தரும். வலப்பக்கச் சிலிண்டர் வாய்க்கால் சரிவு, வரம்போரம், வட்டைப் பாதை ஆகிய வேலை கிடைக்கிறவர்களுக்கே. அது கிடையாதென்றால் லெவலிங் பொக்ஸைக் கழற்றிக் கழுவி கிறீஸ் போட்டாலே கைப்பிடி இலேசாகச் சுற்றும்.

இனி ஒயில் எங்கிருந்து வரும் என்பதைப் பட்டறையில் கேளுங்கள். முடிவை இதுதான் தீர்மானிக்க வேண்டும். 240இன் பம்ப் பின் உடலுக்குள், கியர் பொக்ஸ் ஒயிலிலேயே மூழ்கியபடி, பிடிஓ தண்டால் ஓடுகிறது. மேல்மூடியிலிருந்து அழுத்த ஒயிலைத் திசைமாற்றி வால்வு மூலம் வெளியே எடுக்கலாம், செலவு குறைவு. ஆனால் சாதாரண திசைமாற்றியில் ஒயில் வெளியே போகும் நேரம் லிப்ட் பூட்டியபடி நிற்கும். மண் இழுக்கும்போது லிப்டும் சாய்வும் ஒரே நொடியில் வேண்டுமே! கிளச்சை அடிவரை மிதித்தால் பம்பும் நின்றுவிடும். வயல் முனையில் நின்று சாய்வை மாற்றிக்கொண்டு ஓடுவதற்கு இது போதும். தொடர்ந்து மட்டம் பிடிக்க இது போதாது.

கூலிக்கு மட்டமாக்கும் வேலை நிறைய இருந்தால் எங்கள் தெரிவு, என்ஜினால் ஓடும் தனி கியர் பம்ப். சுற்றுக்கு 8 சீசீ பம்ப் 2000 சுற்றில் நிமிடத்துக்கு சுமார் 16 லீற்றர் தரும். 20 லீற்றர் தாங்கி, திரும்பும் பாதையில் 25 மைக்ரோன் பில்டர், அழுத்தம் 150 பாரைத் தொட்டால் திறக்கும் ரிலீப் வால்வு ஆகியவையும் வேண்டும். வயற்சேறும் தண்ணீரும் கப்ளிங் வழியாகப் புகுந்தால்கூட கியர் பொக்ஸ் ஒயில் கெடாது என்பது இதில் பெரிய நன்மை.

டொப் லிங்குக்கு உள்விட்டம் 50 மி.மீ., தண்டு நீளும் ஓட்டம் 200 மி.மீ. கொண்ட இருவழிச் சிலிண்டர் பொருந்தும். 150 பாரில் அது ஏறக்குறைய 3 தொன் தள்ளும். வாங்குமுன் ஒவ்வொரு கருவியையும் பூட்டி, ஊசிக்கு ஊசி (இரு முனை இணைப்பு ஊசிகளுக்கிடையே) நீளத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மூடிய நிலையில் சிலிண்டர் உங்களுடைய மிகக் குறைந்த நீளத்தைவிட 25 மி.மீ. ஆவது குட்டையாக இருக்க வேண்டும். மேல் ஊசி மூன்றுபுள்ளி இணைப்பின் முதலாம் வகைக்கு 19, இரண்டாம் வகைக்கு 25 மி.மீ. தடிப்பு. பெரிய துளைக்குள் சிறிய ஊசியைப் போட்டு ஓட்டினால் காது முட்டை வடிவாகத் தேயும்.

சிலிண்டர் நிரம்ப 0.4 லீற்றர் ஒயில் போதும். 16 லீற்றர் ஓட்டத்தில் அது ஒன்றரை நொடியில் முழுக்க நீண்டுவிடும். அந்த வேகத்தில் யாராலும் மட்டம் பிடிக்க முடியாது. ஒயில் ஓட்டத்தைக் குறைக்கும் வால்வு பூட்டி 5, 6 நொடிக்குக் கொண்டுவாருங்கள்.

பட்டறைகளில் அடிக்கடி விடுபடுவது பூட்டு வால்வு. லீவர் வால்வின் ஸ்பூல் (உள்ளே நகரும் உருளை) எப்போதும் கொஞ்சம் கசியும். இருபக்கப் பூட்டு வால்வைச் சிலிண்டரின் உடலிலேயே பூட்டாவிட்டால் நீங்கள் வைத்த சாய்வு நூறு யார் தூரம் போவதற்குள் மாறிவிடும். வலப்பக்கச் சிலிண்டரில் அது இல்லையென்றால் வீதியில் போகும்போது கருவி ஒரு பக்கம் தொங்கும், ஹோஸ் வெடித்தால் விழுந்தேவிடும். பூட்டு வால்வு நன்றாகப் பிடிக்க, லீவர் நடுவில் நிற்கும்போது இரண்டு வாயும் தாங்கிக்குத் திறந்திருக்கும் ஸ்பூலைக் கேட்டு வாங்குங்கள்.

வேலை முடிந்ததும் கசிவைக் கையால் தடவிப் பார்க்க வேண்டாம், கடதாசி மட்டை ஒன்றைப் பிடித்துப் பாருங்கள். ஊசிமுனைத் துளையிலிருந்து பாயும் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் கடுகளவு தெரிந்தாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஒயில் ஏறியது என்று வைத்தியரிடம் சொல்லுங்கள்.

வருடத்தில் சில நாள்தான் மண் இழுக்கிறீர்கள் என்றால் இதெல்லாம் வேண்டாம். இரண்டாவது டொப் லிங்க் ஒன்றை வாங்கி, ஒன்றை ரொட்டவேட்டர் நீளத்துக்கும் மற்றதைப் பொக்ஸ் பிளேட் நீளத்துக்கும் வைத்து, புரியில் பெயின்ட் அடையாளம் போடுங்கள்.

கேள்வி: என்ஜினை நிறுத்தினால் தூக்கிய கலப்பை மெதுவாக இறங்குகிறது. ஓடும்போது துள்ளுகிறது. புது கொன்ட்ரோல் வால்வு பூட்டினால் சரியாகுமா?
வாசகர், சம்மாந்துறை

பதில்: ஆகாது. உள்ளே ஒயில் கசிகிறது. கருவி இறங்க இறங்க பம்ப் அதைத் திரும்பத் தூக்குவதால்தான் அந்தத் துள்ளல். முதலில் ஒயில் மட்டத்தையும் நிறத்தையும் பாருங்கள். பால் நிறமென்றால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. முழுவதையும் வடித்து, தண்ணீர் போன வழியை அடைத்த பிறகு உழவு இயந்திரத்துக்குரிய ட்ரான்ஸ்மிஷன் ஒயிலையே ஊற்றுங்கள். ஒயில் நல்லதாக இருந்தால் மேல்மூடியைத் தூக்கி லிப்ட் பிஸ்டனின் சீலையும் பம்பிலிருந்து ஒயில் ஏறும் குழாயின் ஓ-ரிங்கையும் மாற்றுங்கள். அதற்குப் பிறகும் இறங்கினால் பம்பின் வால்வுகளைச் சோதியுங்கள். மூடியைத் தூக்குமுன் கருவியைக் கழற்றி, லிப்ட் கைகளைத் தரைக்கு இறக்கிவிடுங்கள்.

கேள்வி: ட்ரெய்லர் பெட்டியைக் கவிழ்க்கும் ஜக்குக்கு லிப்ட் ஒயிலையே எடுத்தால் பழுதாகுமா?
வாசகர், அக்கரைப்பற்று

பதில்: எடுக்கலாம். ஜக் முழுக்க நீளும்போது அது கொள்ளும் ஒயில் அவ்வளவும் பின் உடலிலிருந்து குறையும். ஜக்கை நீட்டி வைத்தே ஒயில் அளவுக் கம்பியைப் பாருங்கள். மட்டம் கீழ்க் கோட்டுக்குக் கீழே போனால் பம்ப் காற்றை இழுத்து இரையும். இரவல் பெட்டிகளை மாற்றி மாற்றிப் பூட்டுகிறவர் என்றால் கப்ளிங்கைத் துடைக்காமல் ஒருநாளும் சொருக வேண்டாம். அந்தப் பெட்டியின் ஜக்கில் கிடக்கும் ஊத்தை ஒயில் நேராக உங்கள் கியர் பொக்ஸுக்குத்தான் வரும்.