2147483647 பத்தி கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன்

ஞாயித்துக்கிழமை பெங்களூர்ல நாம கூடினப்போ இந்த நம்பர் பத்தி பேச்சு வந்து நேரம் பத்தாம போச்சு, மிச்ச கேள்விக்கெல்லாம் இங்க பதில். கேட்டவங்க பேருக்கு பதிலா அவங்க ஏரியா பேர் போட்டிருக்கேன்.

அல்சூர்: அக்கா, இது பகா எண்ணாமே? கம்ப்யூட்டர் வச்சுதானே பார்த்தாங்க?

ஆமா, 1ஆலயும் தன்னாலயும் மட்டும்தான் வகுபடும். ஆனா கம்ப்யூட்டர் இல்லப்பா, 1772ல கணித மேதை ஆய்லர் கையால போட்ட கணக்கு, அதுவும் கண் பார்வை கிட்டத்தட்ட போயிட்ட வயசுல. 2-ஐ 31 தடவை பெருக்கி ஒண்ணு கழிச்சா இந்த நம்பர் வரும். நேர் வழியில பார்க்கணும்னா வர்க்கமூலம் 46340 வரைக்கும் இருக்கற நாலாயிரத்துச் சொச்சம் பகா எண்ணால வகுத்துப் பார்க்கணும், யாரு உட்கார்றது? ஆனா 31 பகா எண்ங்கறதால, இதை வகுக்கற பகா எண் எதுவா இருந்தாலும் 62ன் மடங்குல 1 கூட்டினதாதான் இருக்க முடியும், அதோட 8ஆல வகுத்தா மீதி 1 இல்ல 7 வரணும். இந்த ரெண்டு சல்லடையில போட்டா அறுபதுல ஒண்ணுதான் தேறும். 7, 11, 13 எதையும் தொடவே வேண்டாம், முதல் ஆளே 311தான்! போட்டுப் பாருங்க, 311 × 6905092 = 2147483612, மீதி 35. அவுட். அடுத்து நேரா 1303க்கு தாவிடலாம். இப்படியே போனா ஒண்ணுமே வகுக்காது.

ஜெயநகர்: அப்போ 31க்கு பதிலா எந்த பகா எண் போட்டாலும் பகா எண் வருமா மேடம்?

வராது. 11 போடுங்க, 2047 வரும், அது 23 × 89. (ரெண்டுமே 22ன் மடங்கு கூட்டல் 1, கவனிச்சீங்களா?)

ஒயிட்ஃபீல்ட்: எங்க கோட்ல இதுக்கு மேல போனா மைனஸ் ஆயிடுது, ஏன்க்கா?

உங்க கோட் ஒரு எண்ணை 32 பிட்ல, அதாவது 0 இல்ல 1 வைக்கற 32 இடத்துல வைக்குது. அதுல ஒரு பிட் கூட்டல் கழித்தல் குறிக்கு போயிடும், மிச்ச 31ல அடங்கற பெரிய எண் இதுதான், ஒண்ணு கூட்டினா −2147483648. விலையை பைசாவுல இந்த மாதிரி 32 பிட் முழு எண்ணா வச்சீங்கன்னா உச்சவரம்பு 2 கோடியே 14 லட்சத்து 74 ஆயிரத்து 836 ரூபா 47 பைசா, உங்க ஏரியா ஃபிளாட் விலைக்கு அது எத்தனை நாளைக்கு தாங்கும்னு நீங்களே சொல்லுங்க! டைமும் அதே கதைதான், 1970 ஜனவரி 1ல இருந்து நொடிநொடியா எண்ற பழைய சிஸ்டம் 2038 ஜனவரி 19, நம்ம நேரம் காலை 8:44:07க்கு நிரம்பிடும், அடுத்த நொடி 1901 டிசம்பருக்கு போயிடும். மாத்தாம விட்டு வச்சிருக்கற மெஷின்களுக்குத்தான் இந்த தலைவலி.

மல்லேஸ்வரம்: பெர்ஃபெக்ட் நம்பருக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டாமே?

உண்டு சார். இதை 2ன் 30ஆம் அடுக்கால பெருக்கினா 2305843008139952128, தன்னைத் தவிர மத்த வகுத்திகளை எல்லாம் கூட்டினா அதே எண் திரும்ப வரும், 6க்கு 1+2+3 மாதிரி. இந்த வரிசையில இது எட்டாவது. 1811ல பீட்டர் பார்லோன்னு ஒருத்தர், இதுக்கு மேல பெருசா யாரும் கண்டுபிடிக்கப் போறதில்ல, இதால பிரயோஜனமும் இல்லைன்னு எழுதி வச்சார், பாவம். 2024ல கண்டுபிடிச்ச, இதே மாதிரி 2ன் அடுக்குல ஒண்ணு கழிச்சா வர்ற பகா எண்ணுக்கு 4 கோடியே 10 லட்சத்துக்கு மேல இலக்கம்.