கை காலியாக இருக்கிறதா? மந்திர விதிகள்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, மேஜையில் பகடை உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு மந்திரங்களைப் பற்றியவை. ஆச்சரியமில்லை, வாள் வீசுகிறவனால் மேஜையில் சண்டை வருவதில்லை. 2014 விதிப்புத்தகமும் 2024 விதிப்புத்தகமும் வேறுபடுகிற இடங்களில் இரண்டையும் சொல்லியிருக்கிறேன். உங்கள் மேஜையில் எது ஓடுகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

என் கிளெரிக் (தெய்வ சக்தியால் மந்திரம் போடும் பாத்திரம்) ஒரு கையில் கதாயுதம், மறு கையில் கேடயம் வைத்திருக்கிறார். தெய்வச் சின்னம் கேடயத்திலேயே இருக்கிறது. பிளெஸ் போடலாம், கியூர் வூண்ட்ஸ் போடக் கூடாது என்கிறார் எங்கள் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்). வேண்டுமென்றே வம்பு பண்ணுகிறாரா?

இல்லை, புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. மந்திரத்தின் தலைப்புக்குக் கீழே இருக்கும் எழுத்துகளைப் பாருங்கள். பிளெஸ்ஸுக்கு வி, எஸ், எம் மூன்றும் உண்டு: வாய்ச்சொல், கையசைவு, பொருள். பொருளைப் பிடித்திருக்கும் கையே அசைவையும் செய்யலாம் என்பது விதி. பொருளுக்குப் பதிலாகத் தெய்வச் சின்னம் போதும், அது கேடயத்தில் இருக்கிறது. ஆகவே கேடயக் கையை ஆட்டினால் பிளெஸ் வந்துவிடும். கியூர் வூண்ட்ஸில் எம் கிடையாது. பொருளே கேட்காத மந்திரத்துக்குச் சின்னம் பிடித்த கை உதவாது, வெறுங்கை வேண்டும். உங்களுக்கு இரண்டு கையும் நிறைந்திருக்கிறது.

கேட்க அபத்தமாகத்தான் இருக்கிறது. பொருளும் கேட்கிற மந்திரம் வரும், கேட்காத மந்திரம் வராது! ஆனால் வழி உண்டு. கதாயுதத்தைக் கீழே நழுவவிடுங்கள், அதற்கு உங்கள் டர்னின் (முறையின்) முக்கியச் செயலான ஆக்‌ஷன் செலவில்லை. கியூர் வூண்ட்ஸ் போடுங்கள். டர்னுக்கு ஒருமுறை ஒரு பொருளை இலவசமாக எடுக்கலாமே, அதில் கதாயுதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். என் மேஜையில் மூன்று வாரம் இந்தப் ‘போடு, எடு’ நாடகம் நடந்தது. நாலாவது வாரம் எனக்கே அலுத்துப்போய், “சரி, போட்டு எடுத்ததாக வைத்துக்கொள்வோம்” என்று விட்டுவிட்டேன்.

ரியாக்‌ஷனில் (அடுத்தவர் டர்னில் பதிலுக்குச் செய்யும் செயலில்) போடும் மந்திரங்களுக்கு மட்டும் விடவில்லை. அடுத்தவர் டர்னில் ஆயுதத்தைப் போட்டு எடுக்க நேரம் ஏது? அப்புறம், கை நிறைந்திருந்தாலும் கையசைவைச் செய்யவிடும் வார் காஸ்டர் ஃபீட்டை (தனித்திறனை) இதற்காகவே எடுத்து வைத்திருக்கும் இன்னொரு ஆட்டக்காரர் மேஜையில் இருந்தால், அவருக்கும் நியாயம் பார்க்க வேண்டும். அவசரத்துக்குக் காயம் ஆற்ற ஹீலிங் வேர்ட் மந்திரம் இருக்கிறது. அதற்கு வாய் மட்டும் போதும்.

ஒரே டர்னில் மிஸ்டி ஸ்டெப், ஃபயர்பால் இரண்டும் போடலாமா?

2014 விதிப்படி முடியாது. மிஸ்டி ஸ்டெப் (சட்டென்று இடம் மாறும் மந்திரம்) போனஸ் ஆக்‌ஷனில், அதாவது ஆக்‌ஷனுக்கு மேல் கிடைக்கும் சின்னச் செயலில், போடுவது. போனஸ் ஆக்‌ஷனில் ஒரு மந்திரம் போட்டால், அந்த டர்னில் வேறு மந்திரம் என்று ஒன்று போட்டால் அது ஒரு ஆக்‌ஷன் நேரம் எடுக்கும் கேண்ட்ரிப்பாக (எத்தனை முறையும் போடக்கூடிய எளிய மந்திரமாக) மட்டுமே இருக்கலாம். வரிசை மாறினாலும் கதை இதுதான். ஆனால் போனஸ் ஆக்‌ஷன் மந்திரத்தைத் தொடாமல், ஆக்‌ஷன் சர்ஜ் (ஒரே டர்னில் இன்னொரு ஆக்‌ஷன் தரும் திறன்) வைத்து இரண்டு ஃபயர்பால் போட அதே விதி தடை சொல்லவில்லை. பலரும் நம்ப மறுக்கும் இடம் இது.

2024-இல் விதி சுருங்கிவிட்டது: ஒரு டர்னில் ஒரு ஸ்லாட்டைத்தான் (மந்திரம் போட அளவோடு கிடைக்கும் ஒதுக்கீட்டைத்தான்) மந்திரத்துக்குச் செலவழிக்கலாம். கணக்கு ஸ்லாட்டில் இருப்பதால், ஃபே டச்ட் ஃபீட் மூலம் ஸ்லாட் இல்லாமல் கிடைக்கும் மிஸ்டி ஸ்டெப்பையும் ஸ்லாட் கொடுத்துப் போடும் ஃபயர்பாலையும் ஒரே டர்னில் சேர்க்கலாம். இரட்டை ஃபயர்பால் ஆசைக்கு மட்டும் கதவு சாத்தப்பட்டது. ஆக்‌ஷன் சர்ஜில் மேஜிக் ஆக்‌ஷன் எடுக்க முடியாது.

ஒரே எதிரி என்னை இரண்டு முறை அடித்தான், ஒவ்வொன்றும் 12 டேமேஜ். கான்சன்ட்ரேஷனுக்கு 24-ஐக் கூட்டி ஒரே சேவ் போட்டால் போதாதா?

போதாது. கான்சன்ட்ரேஷன் என்பது போட்ட மந்திரத்தைக் கலையாமல் பிடித்து வைக்கும் கவனம், சேவ் என்பது அதைக் காக்க உருட்டும் இருபது முகப் பகடை. அடிக்கு ஒரு சேவ். இலக்கு எண் 10 அல்லது டேமேஜில் பாதி, இரண்டில் எது பெரியதோ அது. 12-இல் பாதி 6 என்பதால், இரண்டு முறையும் 10-ஐத் தொட வேண்டும். ‘கூட்டினால் 12 ஆகுமே, இதுதானே எனக்கு லாபம்’ என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் சேவ் +3 (பகடை எண்ணோடு மூன்று கூட்டுவது) என்றால், 10-ஐத் தொட 70 சதவீத வாய்ப்பு. இரண்டு முறையும் தொட 49 சதவீதம்தான். கூட்டி ஒரே சேவாகப் போட்டிருந்தால் 60 சதவீதம்! குட்டிக் குட்டி அடிகள்தான் மந்திரவாதிக்கு எமன். உங்கள் டிஎம் கோப்ளின் கூட்டத்தோடு வரும்போது அவர் முகத்தைக் கவனியுங்கள்.

கிரியேட் வாட்டர் போட்டு எதிரியின் நுரையீரலில் தண்ணீர் நிரப்பலாமா அண்ணா?

முடியாது தம்பி. ‘திறந்த பாத்திரத்தில்’ என்று எழுதியிருக்கிறது. நுரையீரல் பாத்திரம் இல்லை. முதல்நிலை மந்திரத்தில் ஆளைக் கொல்லலாம் என்றால் மற்றவர்கள் ஏன் ஒன்பதாம் நிலை வரை மெனக்கெடுகிறார்கள்?

எதிரி மந்திரம் போடுகிறான். அது என்ன மந்திரம் என்று டிஎம் முதலில் சொல்ல வேண்டுமா, நான் கவுன்டர்ஸ்பெல் போடுவதாக முதலில் சொல்ல வேண்டுமா?

இதற்குத்தான் அதிகம் பேர் எழுதியிருந்தார்கள். கவுன்டர்ஸ்பெல் என்பது அடுத்தவர் மந்திரத்தை ரியாக்‌ஷனில் முறிக்கும் மந்திரம். கவுன்டர்ஸ்பெல்லின் வரிகளில் ‘மந்திரம் போடுவதைப் பார்த்தால்’ என்றுதான் இருக்கிறது, ‘எந்த மந்திரம் என்று தெரிந்தால்’ என்று இல்லை. 2017-இல் வந்த ஸனாத்தர்ஸ் கைட் டு எவ்ரிதிங் என்ற கூடுதல் விதிப்புத்தகத்தில் மந்திரத்தை அடையாளம் காண ஒரு விதி உண்டு: ஆர்கானா (மந்திர அறிவு) சோதனை, இலக்கு எண் 15-உடன் மந்திரத்தின் நிலை. ஆனால் அதற்கும் ரியாக்‌ஷன் தேவை. ரவுண்டுக்கு ஒரு ரியாக்‌ஷன்தான், அடையாளம் காண அதைச் செலவழித்தால் தடுக்க ஒன்றும் மிஞ்சாது. ஆக, புத்தகப்படி இருட்டில்தான் கை வீச வேண்டும்.

2014 கவுன்டர்ஸ்பெல்லில் இது இன்னும் கூர்மை. மூன்றாம் நிலை ஸ்லாட்டில் போட்டால் மூன்று வரையிலான மந்திரம் தானாக முறியும். அதற்கு மேலே என்றால் 10-உடன் அந்த மந்திரத்தின் நிலையைக் கூட்டிய எண்ணை உருட்டிப் பிடிக்க வேண்டும். எத்தனையாம் நிலை ஸ்லாட்டைக் கொடுப்பது என்று தெரியாமலே கொடுக்க வேண்டும். 2024-இல் எதிரி ஒரு கான்ஸ்டிடியூஷன் (உடலுறுதி) சேவ் போடுகிறான். தோற்றால் மந்திரம் கலைந்துவிடும், ஆனால் அவன் ஸ்லாட் அவனிடமே இருக்கும். எனக்கு இந்தத் திருத்தம் பிடித்திருக்கிறது. கஷ்டப்பட்டுச் சேர்த்த ஸ்லாட் ஒரு கையசைவில் போவதைப் பார்க்கும் வயிற்றெரிச்சல் இரு பக்கமும் குறைந்தது.

நான் செய்வது இது: “தாடிக்காரன் கையை உயர்த்தி முணுமுணுக்கிறான்” என்பேன். மனதுக்குள் மூன்று எண்ணுவேன். யாரும் வாய் திறக்காவிட்டால் மந்திரத்தின் பெயரைச் சொல்வேன், அதற்குப் பிறகு கவுன்டர்ஸ்பெல் செல்லாது. ஒருமுறை பதற்றத்தில் ஓர் ஆட்டக்காரர் ஐந்தாம் நிலை ஸ்லாட்டைக் கொடுத்துத் தடுத்தது வெறும் ஃபயர் போல்ட் கேண்ட்ரிப். இரண்டு மாதம் அதைச் சொல்லியே ஓட்டினோம். ஆனால் இது இரு வழிப் பாதை. உங்கள் ஆட்டக்காரர் “நான் மந்திரம் போடுகிறேன்” என்று மட்டும் சொல்லிக் காத்திருக்க உரிமை உண்டு. டிஎம் மட்டும் எல்லாம் தெரிந்துகொண்டு தடுத்தால் அது அழுகுணி ஆட்டம்.

சின்ன அறையில் ஃபயர்பால் போட்டால் தீ வழிந்து எங்கள் மேலேயே வருமா?

இப்போது வராது. 20 அடி ஆரம், அதோடு சரி. 2014 புத்தகப்படி மூலை திரும்பிப் பரவும், 2024-இல் அந்த வரி இல்லை. எதிலும் இடம் குறைந்தால் அதற்காக நீளாது. உங்களிடம் யாராவது ‘வரும்’ என்று அடித்துச் சொல்லியிருந்தால் அவர் பழைய ஆள். 1978-இன் அட்வான்ஸ்ட் பதிப்பில் ஃபயர்பால் ஏறக்குறைய 33,000 கன அடியை நிரப்பியே தீரும். பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள சுரங்கப்பாதையில் போட்டால் 330 அடி நீளத்துக்குத் தீ, பக்கத்துக்கு 165 அடி. பாதாளத்தில் அதைப் போடும் முன் பகடையைவிடக் கணக்கு நோட்டைத்தான் முதலில் எடுக்க வேண்டியிருந்தது.

எல்ட்ரிச் பிளாஸ்ட் (கீற்றாகப் பாயும் தாக்குதல் மந்திரம்) உயிரினத்தைத்தான் தாக்கும் என்கிறது 2014 புத்தகம். அப்படியானால் ஒவ்வொரு கதவின் மேலும் போட்டுப் பார்க்கிறேன். போனால் அது மிமிக் (பொருள் மாதிரி வேடமிடும் பிராணி), போகாவிட்டால் வெறும் கதவு. சரிதானே?

மூளைக்கு முழு மதிப்பெண். ஆனால் தவறான இலக்கின் மேல் மந்திரம் போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஸனாத்தரில் பதில் இருக்கிறது: அந்த இலக்குக்கு ஒன்றும் ஆகாது, ஸ்லாட் இருந்தால் அதுவும் போகும். மந்திரம் ‘வர மறுக்கும்’ என்று எங்கும் இல்லை. 2024-இல் பொருளையும் தாக்கலாம் என்று மாற்றிவிட்டதால் அங்கே உங்கள் சோதனைக்கு வேலையே இல்லை. என் மேஜையில் கீற்று பாயும், கதவில் இடி மாதிரி மோதும். கதவு வெறும் கதவாகவே இருக்கும். அந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருந்த ஆறு ஆர்க்குகள்தான் எழுந்து உட்கார்ந்திருக்கும்.