கெட்ட பழக்கம் எதுவும் இல்லாதவருக்கும் மாரடைப்பு வருவது ஏன்?

சிகரெட், மது இரண்டையும் தொடாத, ஒல்லியான உங்கள் நண்பருக்கு 42 வயதில் மாரடைப்பு வந்திருக்கிறது. டென்ஷன்தான் காரணமா, வேறு ஏதாவதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான்கு வருடங்களுக்கு முன்பு, தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்றுகொண்டு நானும் இதையேதான் கேட்டேன். உள்ளே இருந்தது என் அண்ணன். வயது 46. புகை இல்லை, குடி இல்லை, தொப்பை கூட இல்லை.

நான் மருத்துவன் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அண்ணனின் இதய மருத்துவரிடம் கேட்டும், தேடிப் படித்தும் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில், 'கெட்ட பழக்கம்' என்ற சொல்லை இந்தக் கேள்வியிலிருந்து எடுத்துவிட வேண்டும். பழக்கம் எதுவும் இல்லாதவர் தனக்கு ஒன்றும் வராது என்று இருந்துவிடுகிறார். நோய் வந்தவரோ குற்றவாளி போல உட்கார்ந்திருக்கிறார். அண்ணன் கண் விழித்துப் பேச ஆரம்பித்ததும் கேட்டது, "நான் என்னடா தப்பு பண்ணினேன்?" என்றுதான். இன்றைக்கும் அதை நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

மாரடைப்பு ஒரு நாளில் வருகிறது. ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் நோய் இருபது முப்பது வருடங்களாக வளர்ந்தது. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி தமனிகளின் உட்பக்கம் ஒற்றை அடுக்குச் செல்களால் ஆன மெல்லிய படலம். ரத்தத்தில் ஓடும் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால் என்று சொல்கிறோமே, அது) துகள்கள் அதைத் தாண்டிச் சுவருக்குள் போய்ச் சிக்கிக்கொள்கின்றன. அவற்றை அப்புறப்படுத்த வரும் வெள்ளணுக்கள் கொழுப்பை விழுங்கி விழுங்கி, கடைசியில் அங்கேயே வீங்கிக் கிடக்கின்றன. மேலே நார்த்திசு ஒரு மூடி போல வளர்கிறது. இதைத்தான் கொழுப்புப் படிவு என்கிறோம். என்றைக்காவது ஒருநாள் அந்த மூடி கிழிகிறது. கையில் வெட்டுப்பட்டால் ரத்தம் உறைகிறதே, அதே வேலை கிழிந்த இடத்திலும் நடக்கிறது. உறைகட்டி சில நிமிடங்களில் குழாயை அடைத்துவிடுகிறது.

இதில் என்னை உலுக்கியது ஒன்று உண்டு. கிழியும் படிவு பெரியதாக இருக்க வேண்டும் என்று இல்லை. குழாயில் பாதியைக்கூட மறைக்காத படிவுகள்தான் பல மாரடைப்புகளுக்குக் காரணமாகின்றன. ரத்த ஓட்டம் குறையாததால் அவை ஈசிஜியிலோ ட்ரெட்மில் டெஸ்டிலோ தெரியாமல் போகலாம். அண்ணனுக்கு முந்தைய வருடம் ட்ரெட்மில் டெஸ்ட் நார்மல். அந்தத் தாளை வைத்துக்கொண்டு நாங்கள் எல்லோரும் நிம்மதியாக இருந்தோம்.

எவ்வளவு சீக்கிரம் இது தொடங்குகிறது என்பதற்கு 1953இல் வெளியான ஒரு ஆய்வு இருக்கிறது. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களைப் பிரேதப் பரிசோதனையில் பார்த்தார்கள். சராசரி வயது 22. அவர்களில் 77 சதவீதம் பேரின் கரோனரி தமனிகளில் நோயின் அடையாளம் இருந்தது. போருக்குப் போகும் அளவுக்கு உடல்தகுதி உள்ள இளைஞர்கள் அவர்கள்.

சரி, அண்ணனுக்கு என்னதான் இருந்தது? அடைத்த குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் வைத்த பிறகு மருத்துவர் பழைய ரிப்போர்ட்டுகளையெல்லாம் கொண்டுவரச் சொன்னார். பத்து வருடத்துத் தாள்களை மேஜையில் பரப்பினோம். எல்டிஎல் ஒவ்வொரு முறையும் 150ஐ ஒட்டியே இருந்திருக்கிறது. பக்கத்தில் 'பார்டர்லைன் ஹை' என்று அச்சாகியிருக்கும். பார்டர்தானே என்று மடித்து வைத்துவிட்டோம். மருத்துவர் சொன்னது இதுதான்: எல்டிஎல் எவ்வளவு என்பதோடு, அந்த அளவு எத்தனை வருடம் ஓடியது என்பதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். 150 என்பது ஒரு வருடத்தில் பெரிதாக எதையும் செய்துவிடாது. இருபத்தைந்து வருடம் என்றால் கதை வேறு. இதைவிடக் கடுமையாக, பிறவியிலேயே எல்டிஎல் மிக அதிகமாக இருக்கும் ஒரு பரம்பரைக் குறைபாடும் உண்டு. சுமார் 250 பேரில் ஒருவருக்கு அது இருக்கிறது. பெரும்பாலோருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது.

அதே தாள்களில் ஒரு இடத்தில் பிபி 148/94 என்று இருந்தது. அன்றைக்கு அவசரமாக ஓடி வந்ததால் ஏறியிருக்கும் என்று அண்ணனே சொல்லிவிட்டார். மறுபடி அளக்கவே இல்லை. ரத்த அழுத்தத்துக்கு வலி கிடையாது. தலைவலியோ மயக்கமோ வந்தால்தான் பிபி என்று நினைப்பது பெரிய ஆபத்து. 115/75க்கு மேல் ஒவ்வொரு 20/10 கூடும்போதும் இதய நோயால் இறக்கும் அபாயம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்று பத்து லட்சம் பேரின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு 2002இல் சொன்னது. ஒரு காலத்தில் மருத்துவர்களே இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டு இறந்தபோது அவருடைய பிபி 300/190. வயதானால் அழுத்தம் கூடுவது இயல்பு என்று நம்பிய காலம் அது. மூன்று வருடம் கழித்து, 1948இல், அமெரிக்காவின் ஃபிராமிங்காம் என்ற ஊரில் 5,209 பேரைச் சேர்த்து வருடக்கணக்கில் பின்தொடர ஆரம்பித்தார்கள். ரத்த அழுத்தமும் கொலஸ்ட்ராலும் புகையும் இதய நோய்க்கு இட்டுச் செல்கின்றன என்று இன்று நாம் சாதாரணமாகச் சொல்வதில் பெரும்பகுதி அந்த ஊர்க்காரர்கள் தந்த அறிவு.

மூன்றாவது, அப்பா. 51 வயதில் தூக்கத்திலேயே போய்விட்டார். கஷ்டப்படாமல் போனார் என்று ஆறுதல் சொல்லிக்கொண்டோமே தவிர, ஏன் போனார் என்று யாரும் கேட்கவில்லை. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன்பும், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65 வயதுக்கு முன்பும் இதய நோய் வந்திருந்தால், அது நம்முடைய அபாயக் கணக்கிலும் சேர்கிறது. இந்த ஒரு தகவலை எந்த மருத்துவரிடமும் நாங்கள் சொன்னதில்லை.

நான்காவது காரணத்தை நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. மருத்துவர்கள் 'எல்பி லிட்டில் ஏ' என்கிறார்கள். எல்டிஎல் துகள் மீது இன்னொரு புரதம் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு வகை. இதன் அளவைப் பெரும்பாலும் மரபணுவே தீர்மானிக்கிறது. உணவும் உடற்பயிற்சியும் அதை அதிகம் அசைப்பதில்லை. உலகில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு இது அதிகம். வழக்கமான கொலஸ்ட்ரால் டெஸ்டில் இது தெரியாது, தனியாகக் கேட்டு எடுக்க வேண்டும். பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறை எடுத்தால் போதும். அண்ணனுக்கு இது மிக அதிகமாக இருந்தது. 'நான் என்ன தப்பு பண்ணினேன்' என்ற கேள்விக்கு அன்றுதான் அவருக்குப் பதில் கிடைத்தது.

ஒல்லி என்பதைப் பற்றி. எடை மட்டும் முழுக் கதையைச் சொல்வதில்லை. கொழுப்பு வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேர்கிறதா, உடம்பு அசைகிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே எனக்குப் பிடித்த ஆய்வு ஜெரமி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1953இல் வெளியிட்டது. லண்டன் மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டார். ஒரே பேருந்து. ஒருவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார், இன்னொருவர் நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்குகிறார். நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாகவே வந்தது. உங்கள் நண்பர் ஒல்லிதான், ஆனால் நாளெல்லாம் நாற்காலியிலேயே இருப்பவரா?

சர்க்கரை நோய் இருந்தால் இதய நோய் அபாயம் இரண்டு முதல் நான்கு மடங்கு. நரம்புகள் பாதிக்கப்படுவதால் மாரடைப்பே வலி இல்லாமல் வந்து போகவும் கூடும். புகை உங்கள் கேள்வியில் இல்லை, ஆனாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்றுதான் என்பவர்களுக்கும், இருபது பிடிப்பவர்களுக்கு இருக்கும் கூடுதல் இதய அபாயத்தில் ஏறத்தாழ பாதி இருக்கிறது. அடுத்தவர் விடும் புகையும் கணக்கில் உண்டு. நாள்பட்ட சிறுநீரக நோய், முடக்குவாதம், தூக்கத்தில் மூச்சுத் தடை, காற்று மாசு இவையும் சேரும். பெண்களுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தமோ சர்க்கரையோ கூடியிருந்தால், பிரசவத்தோடு அது முடிந்துபோனதாக நினைக்கக் கூடாது. பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பை அது கூட்டுகிறது.

இனி டென்ஷன். இல்லை என்று சொல்ல மாட்டேன். 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, முதல் மாரடைப்புகளில் சுமார் 90 சதவீதத்தை ஒன்பது காரணிகளால் விளக்கிவிடலாம் என்றது. கொலஸ்ட்ரால், புகை, பிபி, சர்க்கரை, வயிற்றுப் பருமன், காய்கறி பழம் குறைவு, உடலுழைப்பு இல்லாமை, மது ஆகியவற்றோடு மன அழுத்தமும் அந்த ஒன்பதில் ஒன்று. ஆனால் டென்ஷன் என்று மட்டும் சொல்லி நிறுத்தும்போது மற்ற எட்டையும் யாரும் பார்ப்பதில்லை. அண்ணனுக்கு அந்த வாரம் வேலையில் ஒரு பெரிய தகராறு. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அதையே காரணமாகச் சொன்னார்கள். தகராறு கடைசித் தள்ளலாக இருந்திருக்கலாம். ஆனால் தள்ளினால் கிழியும் நிலையில் அந்தப் படிவு பல வருடங்களாக இருந்திருக்கிறது.

இவை ஒன்றோடொன்று கூடுவதில்லை, பெருக்கிக்கொள்கின்றன என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் எல்டிஎல், கொஞ்சம் பிபி, கொஞ்சம் பரம்பரை என்று தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே பயமுறுத்தாது. அண்ணனின் தாள்களில் சிவப்பு எழுத்தில் ஒன்றுகூட இல்லை.

அப்புறம் எங்கள் குடும்பத்தில் எல்லோரும் டெஸ்ட் எடுத்தோம். எனக்கும் எல்பி லிட்டில் ஏ அதிகம். எல்டிஎல்லைக் குறைக்க மாத்திரை எடுத்துக்கொள்கிறேன், பிபியை வீட்டிலேயே அளந்து எழுதி வைக்கிறேன். அண்ணன் மகளுக்கு 19 வயது. அவளுக்கும் அதே அளவு வந்திருக்கிறது. இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், எல்டிஎல் ஏறாமல் வருடாவருடம் பார்த்துக்கொண்டால் போதும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

உங்கள் நண்பருக்கு 42 என்கிறீர்கள். அவருடன் பிறந்தவர்களும் பிள்ளைகளும் இருப்பார்கள். எல்டிஎல், பிபி, சர்க்கரை, எல்பி லிட்டில் ஏ நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். மருத்துவரிடம் போகும்போது, வீட்டில் 42 வயதில் ஒருவருக்கு வந்தது என்பதை அவர் கேட்கும் முன்பே சொல்லச் சொல்லுங்கள்.