வீட்டு உறுதியை அலுமாரியிலேயே வையுங்கள்

போன சனிக்கிழமை உப்புவெளியிலிருந்து ஒரு தாய் மகளைக் கூட்டிக்கொண்டு என்னிடம் படிப்பு ஆலோசனை கேட்டு வந்தார். மகள் உயர்தரத்தில் வணிகப் பிரிவு, பெறுபேறு நல்லது. தாயின் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் வீட்டு உறுதி, அதாவது வீட்டின் உரிமைப் பத்திரம். கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் மென்பொருள் பட்டத்துக்குச் சேர்க்க வேண்டுமாம். கனடாச் சித்தப்பா இரவிரவாகப் போன் எடுத்து, "கம்பியூட்டர் படித்தால்தான் எதிர்காலம்" என்கிறாராம். காசு அனுப்புவது பற்றி மட்டும் பேச்சில்லை.

ஆறுதல் சொல்லத்தான் நினைத்தேன். உறுதியைக் கண்டதும் அது போய்விட்டது. "அக்கா, ஈடு வைத்துப் படிக்கிற படிப்பில்லை இது" என்றேன்.

பிள்ளையிடம் புரோகிராம் எழுதப் பிடிக்குமா என்று கேட்டேன். பேசாமல் இருந்தாள். அப்புறம் மெதுவாக, "மாமா வள்ளத்துக்கு மீன் காட்டும் கருவி வாங்கினவர். பக்கத்து வள்ளக்காரரும் வாங்கினவர். மாமா பாவிக்கிறார், மற்றவர் துணியால் சுற்றி வைச்சிருக்கிறார். ஏன் சேர்?" என்றாள்.

இந்த "ஏன்"-ஐத் தேடுவதற்கென்றே ஒரு துறை இருக்கிறது: தொழில்நுட்பப் புத்தாக்க முகாமைத்துவம். நம்மைப் போன்ற வளரும் நாடுகளில் புதுக் கருவி ஏன் ஓரிடத்தில் பிடிக்கிறது, இன்னோரிடத்தில் தூசி பிடிக்கிறது என்று அதில் ஆராய்கிறார்கள். கேரளத்து வடகரையில் 1997 ஜனவரியில் ஒருநாள் காலை, 11 வள்ளக்காரர் வாங்க ஆளில்லாமல் சாளை மீனைக் கொட்டினார்கள். அதே நேரம் 15 கிலோமீற்றருக்குள் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு நின்றார்கள். கைபேசி வந்த பிறகு வள்ளக்காரர் கடலிலிருந்தே விலை கேட்டார்கள். கொட்டுவது நின்றது, மீனவர் இலாபம் சுமார் 8 வீதம் கூடியது, வாங்குகிறவர்களுக்கு விலை 4 வீதம் குறைந்தது. பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் 2007இல் வெளியிட்ட ஆய்வு இது. வடகரைக் கரையை நம் கடற்கரையிலிருந்து பார்த்தால் அந்நியமாகவா தெரிகிறது?

வழி தூரமில்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில்தானே! அங்கே தொடர்பாடல் வணிகக் கற்கைகள் பீடம் உண்டு. கற்கைக் கட்டணம் இல்லை, வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வரலாம். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளியும் மாவட்டமும் சரிவந்தால் முகாமைத்துவம் கிடைக்கும். கடைசி ஆண்டு ஆய்வுக்கு மாமாவின் வள்ளத்தையும் பக்கத்து வள்ளத்தையுமே எடுக்கலாம். மேலே படிக்க மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் தொழில்நுட்ப முகாமைத்துவத்துக்கென்றே ஒரு துறை இருக்கிறது.

ஒன்றை மறைக்க மாட்டேன். இலங்கை ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 வீதத்தை ஒட்டித்தான். பேராசிரியராவேன் என்று மட்டும் நம்பி இதில் இறங்கக் கூடாது. தொலைத்தொடர்பு, வங்கி, கடற்றொழில் திட்டங்களில் வேலை தேடத் தயாராக இருக்க வேண்டும். ஆனால் வேலை பிந்தினாலும் வீடு போகாது.

உறை மூடிய பிறகும் தாய் தயங்கினார். சித்தப்பாவுக்கு என்ன சொல்வதாம்? அடுத்த முறை எடுத்தால் என் நம்பரைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.