பெயின்ட்டைச் சுரண்டாதீர்கள்

ஐயா, வணக்கம். எங்கள் ஊரில் மூடிக்கிடக்கும் ரைஸ்மில்லுக்குப் பின்னால் ஒரு பழைய லாரி நிற்கிறது. சப்பை முகம், முன்கண்ணாடியின் மேல்விளிம்பு வெளியே துருத்திச் சாய்ந்திருக்கிறது. உலகப் போரில் தஞ்சாவூர் விமானத்தளத்தில் ஓடிய ரேடார் வண்டி என்கிறார்கள். உண்மையா? எங்கே தேடினால் தெரியும்? மில்காரர் பழைய இரும்பு விலைக்குத் தருகிறார். வாங்கி, பெயின்ட்டைச் சுரண்டி, ராணுவப் பச்சை அடித்து, பிரிட்டிஷ் விமானப்படையின் வட்டச் சின்னத்தையும் வரைய ஆசை.
– ம., நீடாமங்கலம்

அன்புள்ள தம்பி,

போர்க்கால வண்டிகளைத் தேடிப்போகிற பிள்ளைகள் ஏன் 1945-ஐத் தாண்டி வருவதே இல்லை என்று கொஞ்ச நாளாகவே எனக்கு ஓர் ஆதங்கம். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

ரேடாரை முதலில் முடித்துவிடுகிறேன். நீங்கள் சொல்லும் அந்தக் கண்ணாடி, போருக்காகக் கனடாவில் ஃபோர்டும் செவ்ரோலேயும் லட்சக்கணக்கில் செய்த லாரிகளின் அடையாளம். வெயில் பட்டு மின்னி, மேலே போகிற விமானத்துக்குக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று அப்படிச் சாய்த்தார்கள். ஆளிலிருந்து அரிசி மூட்டை வரை எல்லாவற்றையும் ஏற்றிய வண்டி அது. அன்றைய நடமாடும் ரேடாரோ பெரும்பாலும் ஒற்றை வண்டியாக இருந்ததில்லை. அலையை அனுப்பும் கருவி ஒன்றில், வாங்கும் கருவி இன்னொன்றில், ஜெனரேட்டர் தனியாக என்று வரிசையாக வரும். 150 கிலோமீட்டர் தூரத்து விமானத்தில் பட்ட அலை ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் திரும்பிவிடும். அதை அளக்கத்தான் இத்தனை சாமான். அந்தக் கருவிகளை வைக்கும் கூண்டு பொருத்திய தடயம் சேஸிஸில் இல்லை என்றால் ரேடார் பேச்சை விட்டுவிடுங்கள்.

விமானத்தளம் பற்றி ஊர் சொல்வது பொய்யில்லை. போர் அப்போது நம் பக்கத்துக் கடலுக்கே வந்திருந்தது. 1942 ஏப்ரல் 5-ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அங்கே அப்போதுதான் வந்திறங்கியிருந்த ரேடார் அவற்றைக் கண்டுபிடிக்கவில்லை. நான்கு நாள் கழித்துத் திருகோணமலையில் ரேடார் முன்கூட்டியே பார்த்துவிட்டது. சிங்கப்பூர், ஜாவா சண்டைகளில் அழிந்துபோன பிரிட்டிஷ் விமானப்படையின் 36-ஆம் ஸ்குவாட்ரனை அந்த வருஷம் அக்டோபரில் தஞ்சாவூரில்தான் மறுபடி உருவாக்கினார்கள். வெலிங்டன் விமானங்களில் வங்கக் கடல் மேல் நீர்மூழ்கிகளைத் தேடிப் பறந்தார்கள். அதன் நாட்குறிப்பு லண்டனில் கியூ என்ற இடத்திலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக்காப்பகத்தில் 'ஏ.ஐ.ஆர். 27' வரிசையில் இருக்கிறது. ரேடார் பிரிவுகள் 'ஏ.ஐ.ஆர். 29'-இல். அவற்றை 'ஏ.எம்.இ.எஸ்.' என்ற பெயரில் தேடுங்கள். விஷயம் வெளியே தெரியக் கூடாது என்று 'பரிசோதனை நிலையம்' எனப் பெயர் வைத்திருந்தார்கள். தேடுவதற்கு இவ்வளவு போதும்.

இப்போது பெயின்ட்டுக்கு வருகிறேன். கடிதத்தில் அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை.

போர் முடிந்ததும் ராணுவம் ஆயிரக்கணக்கான லாரிகளை ஏலம் விட்டது. டெல்டாவில் நெல் ஏற்றிய முதல் லாரிகள் பலவும் அந்த டிஸ்போசல் வண்டிகள்தான். என் மாமா அப்படி ஒரு வண்டியில் கிளீனராகச் சேர்ந்து டிரைவரானார். நீலப் பெயின்ட் அடித்த வண்டி. முன்பக்கம் ஓரிடத்தில் மட்டும் நீலம் இல்லை, மங்கிய மஞ்சள் வட்டமும் அதற்குள் கறுப்பில் ஓர் எண்ணும் தெரியும். இந்த வண்டியை எந்தப் பாலம் தாங்கும் என்பதற்கு ராணுவம் போட்ட குறி அது. முதலாளி அழிக்கச் சொல்லியும் மாமா அழிக்கவில்லை. வெட்டாறு, வெண்ணாறு, கோரையாறு என்று நம் பக்கம் பத்து மைலுக்குள் எத்தனை பாலம்! தை மாசியில் மூட்டையை அடுக்கிக்கொண்டு போகும்போது பாலத்தின் முன்னால் நிறுத்தி, இறங்கி, அந்த வட்டத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் ஏறுவார். பக்கத்து சீட்டிலிருந்து நான் பார்த்திருக்கிறேன்.

பல வருஷம் கழித்து அதே வண்டியை ஒருவர் வாங்கினார். நல்ல மனசோடுதான் வாங்கினார். மணல் பீய்ச்சித் தகரம் வரை உரித்து, புதுப் பச்சை அடித்து, கதவில் வெள்ளை நட்சத்திரம் வரைந்து நிறுத்தினார். நான் போய்ப் பார்த்தேன். நீலம் இல்லை, மில் பெயர் இல்லை, அந்த மஞ்சள் வட்டம் இல்லை. ராணுவ வண்டி என்பதற்கு அதில் இருந்த ஒரே நிஜமான சாட்சியை, ராணுவ வண்டியாக்குகிறேன் என்று அழித்துவிட்டார். திரும்பி வரும்போது எனக்கு மாமாவை மறுபடி எரித்துவிட்டு வந்ததுபோல் இருந்தது.

நீங்கள் அதைச் செய்யாதீர்கள் தம்பி. மெல்லிய உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, ஒளிவான ஓர் இடத்தில் ரூபாய்க் காசு அளவுக்கு மட்டும் சாய்வாகத் தேயுங்கள். அடுக்குகள் வளையம் வளையமாக வரும். மில்லின் நிறம், அதற்கு முந்தைய முதலாளியின் நிறம், அதற்கும் அடியில் ராணுவம். வண்டி எத்தனை கை மாறியது என்பது அதில் இருக்கும், கியூவில் இருக்காது. கதவிலும் பானெட்டிலும் பழைய எண் எதுவும் மேடாகத் தெரிகிறதா என்று டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள்.

வட்டச் சின்னம் வரையவே வரையாதீர்கள். அந்த வண்டி விமானப்படையுடையது என்பதற்கு ஊர்ப்பேச்சைத் தவிர உங்களிடம் என்ன இருக்கிறது? ஆதாரமில்லாமல் வரைவது பொய்க் கல்வெட்டு வெட்டுகிற வேலை. அதுவும் எந்த ஊரில்? நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயா போன நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் அந்தச் சின்னத்துக்கு எதிராக நேதாஜியின் ஐ.என்.ஏ. படையில் நின்றவர்கள். அந்தக் குடும்பங்கள் இன்னும் இங்கேதான் இருக்கின்றன.

வண்டியை வாங்குங்கள், அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஐப்பசி மழைக்கு முன்னால் மேலே ஒரு தார்ப்பாய் போடுங்கள், டயருக்கு அடியில் செங்கல் கொடுங்கள், அந்தக் களிமண் இரும்பைத் தின்றுவிடும். மில்காரர் வீட்டில் பழைய ஆர்.சி. புத்தகம் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த மில்லில் வண்டி ஓட்டிய டிரைவர் யாராவது உயிரோடு இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்ப் பாருங்கள். அவர் சொன்னதையும் சேஸிஸ் எண்ணையும் எழுதி எனக்கு அனுப்புங்கள்.